ஆறிய நட்சத்திரத்துக்கும் காந்தமா?

பிள்ளைகளா, ஜூன் மாதத்தில் மழை விட்ட ஓர் இரவு, மணி பத்து வாக்கில், காம்பாரில் விளக்கு வெளிச்சம் அதிகமில்லாத ஒரு திடலுக்கு அப்பாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள். புஜாங் மலாக்கா மலை உங்கள் இடது கைப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இப்போது நீங்கள் தெற்கே பார்த்து நிற்கிறீர்கள்.

கையை நேராக நீட்டி, முஷ்டியை மடக்குங்கள். அடிவானத்திலிருந்து முஷ்டிக்கு மேல் முஷ்டி வைத்து, இரண்டரை முஷ்டி எண்ணுங்கள். அந்த உயரத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் அக்கம்பக்கமாகத் தெரியும். அவற்றுக்கு வலப்பக்கம் தென்சிலுவை சாய்ந்து கிடக்கும். அந்த இரண்டில் இடப்பக்கம் இருப்பது ஆல்ஃபா செண்டாரி.

அதற்குக் கொஞ்சம் தள்ளி ஒரு குட்டி நட்சத்திரம் இருக்கிறது. பெயர் புராக்சிமா செண்டாரி. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரம் அதுதான். தூரம் 4.24 ஒளியாண்டு. ஆனால் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் உங்கள் கண்ணில் படாது. அவ்வளவு மங்கல். 1915இல் தென்னாப்பிரிக்காவில் ராபர்ட் இன்னஸ் என்பவர் புகைப்படத் தகடுகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்.

சரி, கண்ணுக்கே தெரியாத அந்தக் குட்டி, 2016 மார்ச் மாதத்தில் என்ன செய்தது தெரியுமா? திடீரென்று 68 மடங்கு பிரகாசமாகிவிட்டது! சிலி நாட்டில் வானம் முழுவதையும் படம்பிடித்துக்கொண்டே இருக்கும் ஒரு கேமராத் தொகுதி அதைப் பதிவு செய்தது. கும்மிருட்டான இடத்தில், சரியாக அந்த நேரத்தில், சரியாக அந்தப் பக்கம் பார்த்தவர் யாராவது இருந்திருந்தால், ஒரு சின்னப் பொட்டாக வெறுங்கண்ணாலேயே பார்த்திருக்கலாம். கொஞ்ச நேரம்தான். பிறகு பழையபடி மங்கிவிட்டது.

இவ்வளவு சின்ன நட்சத்திரத்துக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றுகிறதா? பலே! அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தாலே நீங்கள் பாதி விஞ்ஞானி. காரணம், காந்தம்.

முதலில் நம் வீட்டுச் சூரியனைப் பார்ப்போம். சூரியன் முழுக்க வாயு. உள்ளே சூடு அதிகம் என்பதால் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிய்ந்துபோய், எல்லாம் மின்னூட்டத்தோடு அலைகின்றன. மின்னூட்டம் உள்ள பொருள் நகர்ந்தால் காந்தம் பிறக்கும். சூரியன் சுழல்கிறது, அதன் வாயு மேலும் கீழும் புரள்கிறது. அப்புறம் காந்தத்துக்கு என்ன குறை?

அந்தக் காந்தம் சில இடங்களில் கட்டுக்கட்டாக வெளியே வரும். அந்த இடங்கள்தான் சூரியக் கரும்புள்ளிகள். அவற்றில் வலுவான காந்தம் இருப்பதை 1908இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் காட்டினார். அடுத்த ஆண்டே, 1909இல், நம் தமிழ்நாட்டுக் கொடைக்கானல் மலையில் இருக்கும் ஆய்வுக்கூடத்தில் ஜான் எவர்ஷெட் இன்னொன்றைக் கண்டார். கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது. இன்றும் உலகம் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்றுதான் சொல்கிறது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகும் சொந்தக்காரர்கள் இருந்தால் சொல்லி வையுங்கள். ஏரியில் படகு ஓட்டிவிட்டுத் திரும்பிவிடாமல் அங்கேயும் எட்டிப் பார்க்கட்டும்.

வாயு புரளப் புரள, அதோடு சேர்ந்து காந்தக் கோடுகளும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கு தாங்க முடியாமல் போனால் படக்கென்று வேறு விதமாக இணைந்துகொள்ளும். அப்போது அதில் அடைபட்டிருந்த ஆற்றல் முழுவதும் வெளியே பாயும். அதுதான் சீற்றம். புராக்சிமா 2016இல் செய்தது இதையேதான்.

இதுவரை புரிகிறதா? வாயு புரளுகிறது, காந்தம் முறுக்குகிறது, சீற்றம் வருகிறது. இந்த மூன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்போது குட்டி நட்சத்திரத்துக்கு வருவோம். புராக்சிமாவின் எடை சூரியனின் எட்டில் ஒரு பங்குதான். அகலம் ஏழில் ஒரு பங்கு. சூரியனின் மேற்பரப்பு 5,500 டிகிரி செல்சியஸ் என்றால், இது ஏறக்குறைய 2,700 டிகிரி. நமக்கு அது பயங்கரச் சூடுதான். நட்சத்திரங்களின் கணக்கில் ஆறிப்போனது.

சூரியனில் வெளிப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு மட்டுமே புரளும். அதற்குள்ளே இருக்கும் வாயு அசையாது, ஒளி மட்டும் மெல்ல ஊர்ந்து வெளியே வரும். புராக்சிமா போன்ற குட்டிகளில் அப்படி அமைதியான நடுப்பகுதியே கிடையாது. நட்ட நடுவிலிருந்து மேற்பரப்பு வரை முழுக்கப் புரட்டல்தான். சூரியனின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் எல்லா நட்சத்திரமும் இப்படித்தான்.

முழுக்கப் புரளும் நட்சத்திரத்தில் வலுவான காந்தம் உண்டாகுமா என்று ஒரு காலத்தில் வானியலாளர்களுக்குச் சந்தேகம் இருந்தது. சூரியனில் அசையும் பகுதியும் அசையாத பகுதியும் உரசும் எல்லைதான் காந்தத்தைப் பெருக்குகிறது என்று பலர் நினைத்தார்கள். குட்டியில் அந்த எல்லையே இல்லையே! ஆனால் அளந்து பார்த்தபோது குட்டிகளின் காந்தம் சில ஆயிரம் காஸ் வரை இருந்தது. காஸ் என்பது காந்த வலிமையை அளக்கும் அலகு. நம் பூமியின் காந்தம் அரை காஸ் அளவுதான். சூரியக் கரும்புள்ளிக்குள் மட்டும் இருக்கும் வலிமை, இந்தக் குட்டிகளில் உடம்பு முழுக்கப் பரவிக் கிடக்கிறது.

‘மாமா, இவ்வளவு தூரத்தில் இருக்கும் நட்சத்திரத்தில் காந்தம் இருக்கிறதென்று எப்படித் தெரியும்? திசைகாட்டியை அங்கே கொண்டுபோக முடியாதே?’ என்று யாரோ கேட்பது கேட்கிறது. கெட்டிக்காரப் பிள்ளை!

வழி இருக்கிறது. நட்சத்திரத்தின் ஒளியை வானவில் மாதிரி விரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு நிறமாலை என்று பெயர். அதில் ஊதா நிறப் பகுதியில் கால்சியம் என்ற தனிமம் ஓர் அகலமான கறுப்புக் கோட்டைப் போட்டிருக்கும். ஆறிய நட்சத்திரங்களில் அந்தக் கறுப்புக்கு நடுவில் மெல்லிய வெளிச்சக் கோடு ஒன்று எட்டிப் பார்க்கும். அந்த வெளிச்சம் நட்சத்திரத்தின் மேல்காற்றிலிருந்து வருகிறது. காந்தம் மேல்காற்றைச் சூடாக்கும் இடத்தில் அது பளிச்சென்று இருக்கும். காந்தம் சோர்ந்த இடத்தில் மங்கிவிடும். இதைத்தான் பல ஆண்டுகள் விடாமல் கவனித்து, சூரியனைப் போலவே வேறு நட்சத்திரங்களுக்கும் காந்த ஏற்ற இறக்கம் உண்டு என்று ஓலின் வில்சன் காட்டினார். 1966இல் தொடங்கிய வேலை அது.

அந்த வில்சனோடு சேர்ந்து 1957இல் ஒரு கட்டுரை எழுதியவர் நம் சென்னையில் பிறந்த வைணு பாப்பு. அந்த மெல்லிய வெளிச்சக் கோடு எவ்வளவு அகலம் என்று அளந்தால், அந்த நட்சத்திரம் உண்மையில் எவ்வளவு ஒளி வீசுகிறது என்று சொல்லிவிடலாம் என்று இருவரும் கண்டார்கள். அதற்கு ‘வில்சன்–பாப்பு விளைவு’ என்று பெயர். சரி, சூரியனில் இந்த வெளிச்சம் எந்த இடத்திலிருந்து வருகிறது? பாப்பு அதையும் விடவில்லை. கொடைக்கானலில் சிவராமன் என்ற இன்னொரு விஞ்ஞானியோடு சேர்ந்து, கால்சியம் ஒளியில் எடுத்த சூரியப் படங்களில் பொடிப்பொடியாக மின்னும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். 1971இல் இருவரும் எழுதிய கட்டுரை, அந்தப் பொடிகளைத்தான் கைகாட்டியது.

தமிழ்நாட்டு ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே வானாய்வுக்கூடத்தை அமைத்தவரும் பாப்புதான். 1982இல் அவர் இறந்துபோனார். அங்கே பிறகு நிறுவிய, 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கிக்கு 1986இல் அவர் பெயரையே வைத்தார்கள்.

இனி கதையின் சுவையான பகுதி. கவனமாகக் கேளுங்கள்.

புராக்சிமாவை விடவும் சின்னது, இன்னும் ஆறியது என்று கீழே இறங்கிக்கொண்டே போனால் என்ன ஆகும்? சூரியனின் எடையில் 13இல் ஒரு பங்குக்குக் கீழே போனால் அது நட்சத்திரமாகவே ஆக முடியாது. நடுவில் ஹைட்ரஜன் நிலையாக எரியும் அளவுக்கு அழுத்தம் கிடைக்காது. பிறந்த சூட்டோடு மெல்ல மெல்ல ஆறிக்கொண்டே கிடக்கும். இப்படி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று 1960களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் சிவ் குமார் என்ற இந்திய விஞ்ஞானி. அவற்றை இன்று பழுப்புக் குள்ளன் என்கிறோம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் முதல் பழுப்புக் குள்ளன்களைக் கண்டுபிடிக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கீழே இறங்க இறங்க, 2,300 டிகிரி வாக்கில், ஒரு விசித்திரம் நடக்கிறது. காந்தத்தின் அடையாளமான அந்த வெளிச்சக் கோடுகள் வெளிறிப் போகின்றன. எக்ஸ் கதிரும் குறைகிறது. இத்தனைக்கும் இந்தக் குள்ளன்கள் படுவேகமாகச் சுழல்கின்றன. நம் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 25 நாள் எடுக்கும். இவற்றில் சில மூன்று மணி நேரத்துக்குள் சுற்றிவிடும். சூரியனின் கணக்குப்படி பார்த்தால் இவை சீறிக்கொண்டே அல்லவா இருக்க வேண்டும்?

இதற்கு 2002இல் சுபஞ்சய் மொஹந்தி, கிபோர் பாஸ்ரி முதலியோர் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதைச் சொல்ல மாமாவுக்கு காம்பார் மண்ணை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

காம்பாரில் இருக்கும் ஈயச் சுரங்க அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? அந்தக் காலத்தில் தண்ணீரைப் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, பாலோங் என்ற நீண்ட சாய்வான மரக் கால்வாயில் ஓடவிடுவார்கள். லேசான மணல் தண்ணீரோடு போய்விடும். கனமான துகள்கள் அடியில் தங்கும். தங்கியதில் ஈயத் தாது மட்டுமா இருக்கும்? கன்னங்கரேல் என்று இல்மனைட், பழுப்பும் மஞ்சளுமாக மோனசைட், மினுமினுக்கும் சிர்கான் எல்லாம் கலந்து கிடக்கும். ஈயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் அந்தக் கனமான மணலுக்கு அமாங் என்று பெயர். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள்.

கிந்தா பள்ளத்தாக்கின் அமாங் ஆலைகளில் அந்த மணலைக் காயவைத்து, வலுவான மின்காந்தத்தின் அடியில் ஓடவிடுவார்கள். இல்மனைட் துகள்கள் காந்தத்தின் பக்கம் இழுபட்டுத் தனியே போய் விழும். மிச்சம் மீதி ஈயத் தாதுவும் சிர்கானும் காந்தம் என்று ஒன்று இருப்பதையே கண்டுகொள்ளாமல் நேரே போய்க்கொண்டிருக்கும். காந்தம் ஒன்றுதான், பிடிபடும் துகள் பிடிபடும், பிடிபடாத துகள் போய்விடும்.

குள்ளனின் காற்றிலும் அதே கதை. சூடு அதிகமுள்ள வாயுவில் மின்னூட்டம் பெற்ற துகள்கள் நிறைய. அவை காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொள்ளும், கோடுகளும் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். வாயு புரண்டால் கோடும் புரளும், முறுக்கிக்கொள்ளும். ஆறிய காற்றில் எலெக்ட்ரான்கள் அணுவோடு ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. அணு மொத்தத்தில் மின்னூட்டம் இல்லாதது. அதற்குக் காந்தக் கோடு ஒரு பொருட்டே இல்லை. வாயு தன் பாட்டுக்குப் புரளும், கோடு தன் பாட்டுக்கு நிற்கும். முறுக்கு ஏறவே ஏறாது. முறுக்கு இல்லாவிட்டால் சீற்றமும் இல்லை.

(பெரிய வகுப்பு அண்ணன்மார் யாராவது இதைப் படித்துவிட்டு, ‘இல்மனைட்டைக் காந்தம் இழுப்பது ஒரு விதம், மின்னூட்டத் துகளை வளைப்பது வேறு விதம்’ என்று திருத்த வருவார்கள். அவர்கள் சொல்வது சரி. நம் உதாரணம் ‘யார் பிடிபடுவார், யார் பிடிபடமாட்டார்’ என்பதோடு நிற்கட்டும். இன்னொன்று: அமாங் பார்க்கிறேன், கறுப்பு மணல் அள்ளுகிறேன் என்று பழைய ஈயக் குட்டைப் பக்கம் தனியாகப் போய்விடாதீர்கள். அவை கரையிலிருந்தே ஆழம்.)

கவனித்தீர்களா? காந்தம் போய்விட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. காந்தம் இருக்கிறது, அது காற்றைப் பிடித்து முறுக்க முடியவில்லை என்றார்கள். இந்த வித்தியாசம் முக்கியம்.

எவ்வளவு முக்கியம் என்று காட்டிய ஒரு சம்பவம் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நடந்துவிட்டது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சம்பவம் இதுதான்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் 27 பெரிய ரேடியோத் தட்டுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 25 மீட்டர் அகலம். வீ.எல்.ஏ. என்று அழைப்பார்கள். 2000ஆம் ஆண்டு கோடைப் பயிற்சிக்குக் கல்லூரி மாணவர்கள் அங்கே வந்திருந்தார்கள். தட்டுகளைத் திருப்பிப் பார்க்க அவர்களுக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கினார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது எல்.பி. 944–20 என்ற பழுப்புக் குள்ளனை. எடை வியாழனைப் போல் சுமார் 60 மடங்குதான். 1999 டிசம்பரில் சந்திரா தொலைநோக்கி அதில் ஓர் எக்ஸ் கதிர்ச் சீற்றத்தைக் கண்டிருந்தது. அதனால்தான் அதன்மேல் கண். அந்தத் தொலைநோக்கிக்கு யார் பெயரை வைத்திருக்கிறார்கள் தெரியுமா? லாகூரில் பிறந்து சென்னையில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகருடைய பெயரை.

அப்போதைய கணக்கின்படி அந்தக் குள்ளனிடமிருந்து ரேடியோ அலை எதுவும் கேட்கக்கூடாது. ஆனால் கேட்டது! கணக்கு சொன்னதை விடப் பல ஆயிரம் மடங்கு வலுவாகக் கேட்டது. 2001இல் எடோ பெர்கர் தலைமையில் நேச்சர் இதழில் கட்டுரையாகவும் வந்துவிட்டது. பெரியவர்கள் ‘இது நடக்காது’ என்று நினைத்ததை, மாணவர்கள் ‘எதற்கும் பார்த்துவிடுவோமே’ என்று பார்த்தார்கள்.

ரேடியோ அலை எப்படி வருகிறது? காந்தக் கோட்டைச் சுற்றி எலெக்ட்ரான் வேகமாகச் சுழன்றால் ரேடியோ அலை பிறக்கும். அப்படியென்றால் அங்கே வலுவான காந்தம் இருக்கிறது. அதைச் சுற்ற எலெக்ட்ரான்களும் இருக்கின்றன. கீழ்க்காற்று ஆறிக் கிடக்கிறது, மேலே உயரத்தில் ஏதோ வேடிக்கை நடக்கிறது.

என்ன வேடிக்கை என்று 2015இல் தெரிந்தது. லைரா என்ற நட்சத்திரக் கூட்டத்தில், ஏறக்குறைய 18 ஒளியாண்டுக்கு அப்பால் ஒரு குள்ளன் மூன்று மணிக்கும் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. கிரெக் ஹாலினன் குழுவினர் ரேடியோவிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் ஒரே சமயத்தில் அதைப் பார்த்தார்கள். இரண்டும் அதன் சுழற்சிக்கு ஏற்ப ஏறி இறங்கின. அது துருவ ஒளி! பூமியில் நார்வே, அலாஸ்கா பக்கம் இரவு வானத்தில் பச்சைப் பச்சையாக அசையுமே, அதே சங்கதி. காந்தக் கோடு வழியாகப் பாய்ந்து வரும் எலெக்ட்ரான்கள் காற்றில் மோதும்போது காற்று ஒளிரும். பூமியில் ஆக்சிஜன் இருப்பதால் பச்சை. அங்கே ஹைட்ரஜன் என்பதால் சிவப்பு. வலிமை மட்டும் வேறு. நாம் கண்ட எந்தத் துருவ ஒளியும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆக, சூரியனைப் போல் முறுக்கிச் சீறும் வழக்கம் கீழே போகப் போகக் குறைகிறது. வியாழனைப் போல் துருவ ஒளி வீசும் வழக்கம் கூடுகிறது. ஒரு நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கோளின் குணத்துக்கு மாறுவதை நாம் காந்தத்தின் வழியாகவே பார்க்கிறோம். இதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

2020இல் ஹரிஷ் வேதாந்தம் என்ற விஞ்ஞானி, நெதர்லாந்தில் இருக்கும் லோஃபார் ரேடியோத் தொலைநோக்கியை வைத்து ஒரு குளிர்ந்த பழுப்புக் குள்ளனை ரேடியோவிலேயே முதலில் கண்டுபிடித்துக் காட்டினார். அதுவரை கண்டவை எல்லாம் ஒளியிலோ அகச்சிவப்பிலோ முதலில் பிடிபட்டவை. 2023இல் சிட்னி விஞ்ஞானிகள் 425 டிகிரி சூடு மட்டுமே உள்ள ஒரு குள்ளனின் ரேடியோ அலையைக் கேட்டார்கள். சூரியனின் 5,500 எங்கே, இந்த 425 எங்கே!

வியாழனுக்கு எலெக்ட்ரான் எங்கிருந்து கிடைக்கிறது தெரியுமா? அதன் நிலாக்களில் ஒன்றான அயோவில் எரிமலைகள் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கின்றன. அது பிய்ந்து வியாழனின் காந்த வளையத்துக்குள் வந்து சேர்கிறது. குள்ளன்களுக்கு யார் தருகிறார்கள்? கூடவே சுற்றும் ஏதாவது கோளா? அவற்றின் சொந்தக் காற்றேதானா? இன்றுவரை யாரும் முடிவாகச் சொல்லவில்லை. யோசித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ட்ராப்பிஸ்ட்–1 என்ற குள்ள நட்சத்திரம் 40 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. சூடு ஏறக்குறைய 2,300 டிகிரி. அதைச் சுற்றி பூமி அளவில் ஏழு கோள்கள் இருப்பதை 2017இல் அறிவித்தார்கள். அவற்றில் காற்று இருக்கிறதா என்று ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இப்போது தேடுகிறது. எல்லாவற்றுக்கும் உள்ளே சுற்றும் கோளில் சொல்லும்படியான காற்று இருப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் சொன்னார்கள். மற்றக் கோள்களைப் பார்க்கும்போது ஒரு தொல்லை. கோள் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும் நேரம் பார்த்து நட்சத்திரம் சீறுகிறது, கரும்புள்ளியோடு திரும்பி நிற்கிறது. வந்த ஒளியில் எது கோளின் காற்று செய்த மாற்றம், எது நட்சத்திரத்தின் காந்தம் செய்த குறும்பு என்று பிரிக்க விஞ்ஞானிகள் திணறுகிறார்கள். அதனால் கோளைத் தேடப் போனவர்கள் பலர் இப்போது உட்கார்ந்து குள்ள நட்சத்திரத்தின் காந்தத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.